முதல் பரிசுக்குக் குண்டுப் புத்தகம்

இளமதிக்கு வந்த கோபத்தை அப்படியே அடுப்பில் வைத்திருந்தால் ஓர் அண்டாச் சோறு வெந்திருக்கும். வராமல் என்ன செய்யும்? ஒரு வாரமாக இடுப்பொடிய உட்கார்ந்து, பார்த்துப் பார்த்துப் பிரித்து வைத்த புத்தகங்களை ஓர் அம்மாள் வந்து பத்தே நிமிஷத்தில் கலைத்துப் போட்டுவிட்டுப் போனாள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கடைசியில் எல்லாம் இளமதியின் தலையில் விடிந்தது.

நடந்தது இதுதான். சிதம்பரத்தில் ஒரு மெட்ரிக் பள்ளி. இளமதி அங்கே தமிழ் டீச்சர். நூலகமும் அவள் பொறுப்பு. அங்கேயே ஏழாம் வகுப்பு படிக்கும் மகள் சிந்துஜாவையும் கூட்டிக்கொண்டு தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் வருவாள். அந்த நூலகத்தில் ஒரு பீரோ நிறையப் படக்கதைகள் இருந்தன. பூதம், பறக்கும் கப்பல், பேசுகிற மலை என்று மாயாஜாலக் கதைகளைப் பக்கம் பக்கமாகப் படம் போட்டுச் சொல்கிற புத்தகங்கள். தாளாளர் தில்லைநாதனிடம் மூன்று வருஷம் கெஞ்சி அவள் வாங்கிப் போட்டவை. பாடப் புத்தகத்தைத் தவிர எதையும் தொடாத பிள்ளைகள் அந்தப் பீரோ முன்னால் வரிசையில் நின்றார்கள்.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாயைக் கொடுத்தாள். ஆண்டு விழாவில் எவர்சில்வர் டிபன் பாக்ஸுக்குப் பதிலாகப் படக்கதையே பரிசாகக் கொடுக்கலாம் என்றாள். தாளாளரும் சரியென்றார்.

முதல்முதலாகப் படக்கதை படிக்கிற பிள்ளைக்குப் புத்தகம் எடுத்துக் கொடுப்பது குழந்தைக்கு முதல் சோறு ஊட்டுகிற மாதிரி. தொண்டையில் சிக்கிவிட்டால் அப்புறம் வாயே திறக்காது. எல்கேஜிக்குப் பக்கத்துக்கு ஒரு படம், அடியில் நாலு வார்த்தை போதும். 'பறக்கும் முதலைக்குட்டி'யை எடுத்து வைத்தாள். ஆறாம் வகுப்புக்குக் கட்டங்கள் குழப்பாமல் வரிசையாகப் போகிற 'மேகம் மேய்த்த பெண்'. படம் போட்ட புத்தகமா, சீச்சீ, என்கிற பிளஸ் டூ பையனுக்கு முந்நூறு பக்கம் போரும் துரோகமுமாக 'எலும்புக்கோட்டை'. பளபளத் தாள் சுற்றி, பெயர்ச்சீட்டு ஒட்டி, மேசையில் அடுக்கிவிட்டு, ஆட வந்த பிள்ளைகளுக்குப் பவுடர் போடப் போனாள்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தாள் தாளாளரின் மனைவி புஷ்பவள்ளி. மேசையைப் பார்த்தாள். எல்கேஜியில் முதல் பரிசு வாங்கும் எழிலனுக்கு அப்பளம் கனத்தில் ஒன்று; பிளஸ் டூவில் மூன்றாம் பரிசு வாங்கும் அன்பரசுக்குச் செங்கல் கனத்தில் ஒன்று.

"என்னா முத்தம்மா இது அநியாயம்? ஃபர்ஸ்ட் பிரைஸ் புள்ளைக்கு ஒல்லி, தேர்டு பிரைசுக்குக் குண்டா? பெத்தவங்க பாத்தா காறித் துப்ப மாட்டாங்க?" என்று ஆயா முத்தம்மாளிடம் சொல்லிக்கொண்டே சீட்டுகளைப் பிய்த்தாள். முதல் பரிசுக்கெல்லாம் குண்டு, இரண்டாவதுக்கு நடுத்தரம், மூன்றாவதுக்கு ஒல்லி என்று மாற்றி ஒட்டினாள். எல்லாம் ஒரே பொம்மைப் புத்தகம்தானே!

மேடையிலேயே அன்பரசு தாளைப் பிரித்தான். பறக்கும் முதலைக்குட்டி! பந்தலே சிரித்தது. மீசை அரும்பிய பையன் தலையைக் குனிந்துகொண்டு இறங்கினான். எழிலன் 'எலும்புக்கோட்டை'யை வீட்டுக்குத் தூக்கிப் போனான். இரண்டாம் பக்கத்திலேயே வெட்டுப்பட்ட தலை ஒன்று பேசும். குழந்தை அலறிய அலறலில் காய்ச்சலே வந்துவிட்டது.

திங்கட்கிழமை எழிலனின் அம்மா பிரிசில்லா அந்தப் புத்தகத்தைத் தாளாளர் மேசையில் விசிறியடித்துவிட்டுப் போனாள். இளமதியைக் கூப்பிட்டார்கள். தாளாளருக்குப் பக்கத்தில் புஷ்பவள்ளியும் உட்கார்ந்திருந்தாள்.

"வியாழக்கெழம பிரேயர்ல மைக்ல சொல்லிடுங்க டீச்சர். படக்கதையெல்லாம் புள்ளைங்களுக்கு ஆகாத குப்பை, குடுத்தது என் தப்புன்னு. அந்தம்மாவையும் வரச் சொல்லிருக்கேன். குடுத்த புக்க எல்லாம் திரும்ப வாங்கி, பீரோவுல இருக்கறதையும் சேத்துப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுடலாம்" என்றார் தாளாளர்.

"சார், நான் ஒட்டுன சீட்டு வேற. மாத்துனது உங்க வீட்டம்மா. பக்கத்துல இருந்து பாத்த முத்தம்மாவே எங்கிட்ட சொன்னாங்க."

புஷ்பவள்ளி கைவளையலை உருட்டிக்கொண்டிருந்தாள். வாயில் என்ன, கொழுக்கட்டையா?

"அவுங்க மேலயே பழி போடுறீங்களா?" தாளாளர் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "சொல்ல முடியாதுன்னா நீங்களும் வர வேணாம். உங்க பொண்ணுக்கும் டீசி வாங்கிக்குங்க."

கடலூர் பஸ்ஸில் சிந்துஜா மெல்ல ஆரம்பித்தாள். "அம்மா, எனக்கு டீசி குடுத்தா குடுக்கட்டும்மா. நீ அத குப்பைன்னு சொல்லாத."

"வாய மூடுடி. பாதி வருஷத்துல எந்த ஸ்கூல்ல உன்ன சேப்பாங்க?" என்று மகள்மேல் எரிந்து விழுந்தாள். விழுந்த பிறகு அதற்கும் சேர்த்துப் புஷ்பவள்ளிமேல் ஆத்திரம் வந்தது. தப்புச் செய்தவள் சாப்பிட்டுத் தூங்குவாள். நான் என் பிள்ளையைத் திட்டிக்கொண்டு போக வேண்டுமா?

வியாழக்கிழமை பிள்ளைகள் வரிசையாக நின்றார்கள். எழிலனை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரிசில்லா முன்னால் நின்றாள். தாளாளரும் மனைவியும் மேடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். திரும்ப வாங்கிய பரிசுப் புத்தகங்கள் மைக்குக்குப் பக்கத்தில் குவிந்து கிடந்தன. கேட்டுக்கு வெளியே பழைய பேப்பர்காரர் பக்கிரியின் மூன்று சக்கர சைக்கிள்கூட வந்தாயிற்று.

"இந்தப் புக்கையெல்லாம் உங்களுக்காக எடுத்தது நான்தான்" என்று இளமதி ஆரம்பித்தாள். தாளாளர் தலையாட்டினார். அடுத்த வரியைச் சொல்லியாக வேண்டும். நாலே வார்த்தை. ஏழாம் வகுப்பு வரிசையில் சிந்துஜா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு முன்னும் பின்னும் அந்தப் பீரோவைக் காலி செய்த பிள்ளைகள். இவர்கள் முகத்தைப் பார்த்தா குப்பை என்று சொல்வது?

"அன்பரசு, மேல வா."

பையன் திகைத்துப்போய் வந்தான். 'எலும்புக்கோட்டை'யை எடுத்து அவன் கையில் வைத்தாள். "உனக்கு எடுத்து வெச்சது இதுதான். ராஜாவ அவன் தம்பியே காட்டிக் குடுப்பான். மொதல்ல கொஞ்சம் இழுக்கும். விடாம படி."

அன்பரசு அங்கேயே நின்று புரட்ட ஆரம்பித்தான். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

'பறக்கும் முதலைக்குட்டி'யையும் எடுத்துக்கொண்டு, மைக் ஒயரை இழுத்தபடி இளமதி கீழே இறங்கினாள். எழிலன் அவளைப் பார்த்ததும் அம்மா தோளில் முகத்தைப் புதைத்தான். முதலைக்குட்டியின் முதல் பக்கத்தைப் பிரித்து அவன் பக்கம் நீட்டினாள். தென்னை மர உச்சியில் இறக்கை மாட்டிக்கொண்டு முதலைக்குட்டி தலைகீழாகத் தொங்கியது. குழந்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தான். அப்புறம் இரண்டு கண்ணாலும் பார்த்தான்.

"எறங்க மாட்டுதா?"

"பக்கத்தத் திருப்பிப் பாரு கண்ணு."

திருப்பினான். பிரிசில்லா புத்தகத்தையும் டீச்சரையும் மாறி மாறிப் பார்த்தாள். "எம்புள்ளைக்கு நீங்க எடுத்து வெச்சது இதுவா?"

"இதுதாம்மா."

"அப்ப மாத்துனது யாரு?"

மைக் பக்கத்திலேயே இருந்ததால் மைதானம் முழுக்கக் கேட்டது. மணியடிக்க நின்றிருந்த முத்தம்மாள் புஷ்பவள்ளியையே பார்த்தாள். அவள் கண் போன பக்கம் பிரிசில்லாவின் கண்ணும் போனது. புஷ்பவள்ளி வெடுக்கென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாளாளர் நாற்காலியை உதைத்துக்கொண்டு எழுந்தார். "டீச்சர்! மைக்க வெச்சிட்டு ரூமுக்கு வாங்க!"

"அவுங்க அப்புறம் வருவாங்க சார்." பிரிசில்லா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மேடைப் படியில் ஏறினாள். "மூணு நாளு எம்புள்ளை கண்ணு மூடல. பச்சப் புள்ளைக்கு வெட்டுன தலைய சுத்திக் குடுத்தது யாரு? மொதல்ல எனக்குப் பதில் சொல்லுங்க."

வேலை போனது போனதுதான் என்று இளமதிக்குத் தெரிந்தது. போகட்டும். அவள் மேடைக்குத் திரும்பி, குவியலிலிருந்து அடுத்த புத்தகத்தை எடுத்தாள்.

"ஆறாம் வகுப்பு, செம்பியன். மேல வாப்பா."