சுருதி சேராத பாட்டு

ஆபரேஷனுக்கு ஆள் கொண்டுபோகும் தள்ளுவண்டி வராந்தாவில் கிரீச்சிட்டபடி வந்துகொண்டிருந்தது. அது நெருங்க நெருங்க அவள் கட்டிலை ஒட்டி நகர்ந்து நின்றாள். கணவருக்குத் தொண்டையில் புற்றுநோய். உயிர் தங்கினாலும் குரல் தங்காது என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்.

பஸ் கண்டக்டரான அந்த மனிதரோ கட்டிலில் சம்மணமிட்டுத் துதிப்பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார். சுருதி கிழக்கே போனால் இவர் மேற்கே போவார். சர்ச்சில் இவர் வாயைத் திறந்தாலே முன்வரிசை திரும்பிப் பார்க்கும். அவள் மானம் போகிறதென்று தொடையில் கிள்ளுவாள்.

“கொஞ்சம் மெதுவாத்தான் பாடுங்களேன். சுத்தி நோயாளிங்க இருக்காங்க,” என்று இப்போதும் எரிந்து விழுந்தாள். பயம் அப்படித்தான் வெளியே வந்தது.

“இத்தன நாளும் இந்தக் குரல ‘உள்ள போ, உள்ள போ’ன்னு கத்தியே தேச்சுட்டேன். மிச்சத்தையாவது ஆண்டவருக்குக் குடுத்துட்டுப் போறேன், விடுடி.” அவர் முகத்தில் கல்யாண மாப்பிள்ளைக் களை.

வண்டி வந்து நின்றது. ஏறிப் படுத்தவர், “ரைட், போலாம்!” என்றார். தள்ளுகிறவர் சிரித்துவிட்டார். அவளால் முடியவில்லை.

ஆபரேஷன் தியேட்டர் கதவு மூடியது. உள்ளேயும் அவர் பாடுவது கேட்டது. அவள் கதவில் காதை வைத்து நின்றாள். கடைசி வரியின் பாதியில் பாட்டு நின்றுபோனது. மயக்க மருந்து ஏறியிருக்கும். இனி அந்தக் குரல் இல்லை.

அவள் கண்ணை மூடிக்கொண்டு மீதி வரியை உரக்கப் பாடி முடித்தாள். சரியான ராகம் தெரிந்தவள்தான். ஆனால் அவருடைய தப்பான ராகத்திலேயே பாடினாள். வராந்தாவே திரும்பிப் பார்த்தது.

பார்க்கட்டும்.