காட்டுப்பன்றி வந்த காலை

1926இல், மலாயாவில் காம்பாருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டமொன்றில் ராக்காயியும் அவளுடைய மூத்த ஓரகத்தி கருப்பம்மாளும் அடுத்தடுத்த நிரைகளில் பால்மரப் பட்டையைச் சீவிப் பாலெடுத்துக்கொண்டிருந்தார்கள். புதரிலிருந்து ஒரு காட்டுப்பன்றி சீறிக்கொண்டு வந்தது. ராக்காயிக்கு நினைவு தெளிந்தபோது, தோட்டத்துச் சாலையில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். பின்னால் கருப்பம்மாளின் அலறல் கேட்டது. சாலையில் வந்த ஆட்களைக் கூட்டிக்கொண்டு ராக்காயி திரும்பியபோது, பன்றி கருப்பம்மாளின் தொடையைக் கிழித்துவிட்டுப் போயிருந்தது.

“நீதான் ஆளுகளக் கூட்டியாந்து காப்பாத்துன” என்று தொழிலாளர் குடியிருந்த லயத்தில் எல்லோரும் பாராட்டினார்கள். அதைக் கேட்கும்போதெல்லாம் ராக்காயி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சோற்றைத் தொடாமல் தள்ளிவைத்தாள். சருகு சலசலத்தாலே திடுக்கிட்டுத் திரும்பினாள். உளி தவறி மரத்தைக் காயப்படுத்தியது.

பத்தாம் நாள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் கிடந்த கருப்பம்மாளைப் பார்க்கப் போனாள்.

“ஒன்னய விட்டுட்டு ஓடிட்டேன் அக்கா. ஒரு சத்தங்கூடக் குடுக்கல.”

கருப்பம்மாள் கட்டுப்போட்ட தன் காலைப் பார்த்தாள்.

“நானும் ஓடத்தான் நெனச்சேன். காலு மரத்துப்போயி அசையவே இல்ல. ஒன் காலு ஒன்னயக் கேக்காமலே ஓடிருச்சு.”

“அப்ப எம்மேல கோவம் இல்லியா?”

“இருக்கு. அதுக்காக நீ பட்டினி கெடக்காத.”

கருப்பம்மாள் தன் கஞ்சியில் பாதியை ராக்காயி பக்கம் நகர்த்தினாள். ராக்காயி அதைக் குடித்து முடித்தாள். குற்ற உணர்ச்சி மட்டும் போகவில்லை. கருப்பம்மாள் நொண்டியபடி வேலைக்குத் திரும்பியபின், அவள் பால் வாளியையும் ராக்காயியே சுமந்தாள்.