கடிதத்தின் அடுத்த வரி

குறிப்பு அட்டைகள் அடுக்கிய பெட்டிகள் பதினொன்றையும் அலமாரியிலிருந்து இறக்கி, அவற்றின் நடுவே தரையில் உட்கார்ந்து தேடிக்கொண்டிருந்தாள். காலை எட்டரைக்கு உட்கார்ந்தவள். பத்து மணிக்கு முழங்கால் மரத்துப்போனது. பதினொன்றுக்கு அந்த அட்டை கிடைத்தது. கிடைக்காமலே போயிருக்கலாம் என்று உடனே தோன்றியது.

ஒன்பது புத்தகங்கள் எழுதியவள் அவள். எல்லாமே கிறிஸ்தவத்தின் முதல் முந்நூறு ஆண்டுகளைப் பற்றியவை. நிலத்தடிக் கல்லறைகளில் கூடி ஜெபித்தவர்கள், சிங்கத்தின் முன் நிறுத்தப்பட்ட அடிமைப் பெண்கள், ரொட்டி சுட்டுப் பிழைத்த உபதேசியார்கள் என்று அவள் எழுதும்போது அவர்கள் பக்கத்து வீட்டுக்காரர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். பேராசிரியர்கள் அவளைப் படிப்பதில்லை. மற்றவர்கள் பேராசிரியர்களைவிட அவளை நம்பினார்கள். ஆலயத்து வாசலில், ஆஸ்பத்திரி வராந்தாவில், பஸ்ஸில் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு, உங்க முதல் புத்தகத்துல வர்ற அந்த ஆயர் சொன்ன வார்த்தை, என்று ஆரம்பிப்பார்கள். கண் கலங்குவார்கள்.

அந்த வார்த்தை நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது. மூன்றாம் நூற்றாண்டில் கொள்ளைநோய் ஊரையே வாரிக்கொண்டு போனபோது, பாதி மக்களைத் தன் கையால் புதைத்த ஓர் ஆயர் மீதிப்பேருக்கு எழுதிய கடிதம். ‘நம் கண்ணீரைத் துடைக்கக் கடவுள் அவசரப்படுவதில்லை, முதலில் நம்மோடு உட்கார்ந்து அழுகிறார்.’ நினைவு அட்டைகளில் அதை அச்சிட்டார்கள். ஒரு ஆஸ்பத்திரி ஜெபக்கூடத்தின் சுவரில் எழுதிவைத்தார்கள்.

அந்த முதல் புத்தகத்துக்கு இருபத்தைந்தாம் ஆண்டுப் பதிப்பு வருகிறது. பதிப்பகத்தைக் கவனிக்கும் கன்னியாஸ்திரீ, முதல் பதிப்பில் இல்லாத அடிக்குறிப்புகளை இந்த முறை சேர்த்தே தீர்வதென்று நின்றார். அச்சுக்கூடத்தில் அவருக்குக் கமா சிஸ்டர் என்று பெயர்; ஒரு காற்புள்ளி குறைந்தால் இரவு தூங்கமாட்டாராம். நானூற்றுப் பதினாறு மேற்கோள்களில் நானூற்றுப் பதினைந்துக்கு ஆதாரம் கொடுத்தாயிற்று. மிச்சம் அந்த ஒன்று. வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் வேண்டும் என்றார். இன்று வெள்ளிக்கிழமை.

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பார்த்தாள். நீல மை. அவளுடைய முறை அது: பழைய நூல்களிலிருந்து எடுத்தது நீல மையில், மூலையில் நூலும் பக்கமும். சொந்த யோசனை பென்சிலில். இருபத்தாறு ஆண்டுகளில் ஒருநாளும் அவள் அதை மீறியதில்லை. ஆனால் அந்தப் பெரிய நூலகத்தின் பழஞ்சுவடி அறையில் பேனாவுக்கு அனுமதி கிடையாது; வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். அங்கே போன அந்த ஒரு வாரம் மேற்கோளும் பென்சில், யோசனையும் பென்சில். வீட்டுக்கு வந்து, எழுத்து அழிந்துவிடுமே என்று, எல்லா அட்டைகளின் மேலும் நீல மையை ஓட்டியிருக்கிறாள். எல்லாவற்றின் மேலும்.

இந்த அட்டையின் மூலையில் நூல் பெயர் இல்லை. அடியில், மை படாமல் விட்டுப்போன பென்சில் எழுத்து பொடிப்பொடியாகத் தெரிந்தது: ‘நல்லா இருக்கு. இன்னும் கொஞ்சம் செதுக்கணும்.’

எந்த ஆயரின் வரியையும் அவள் செதுக்கத் துணிந்திருக்கமாட்டாள்.

கடிதம் உண்மை, ஆயர் உண்மை, கொள்ளைநோய் உண்மை. அந்த வரி மட்டும் அவளுடையது. புருஷன் இறந்த வருஷம் அவளே அந்த வரியைச் சொல்லிச் சொல்லித்தான் காலைகளில் எழுந்தாள். ஆயிரத்தெழுநூறு வருஷத்துக்கு அப்பாலிருந்து ஒரு கை வந்து தோளில் விழுந்த மாதிரி இருக்கும். அது அவளுடைய கையே. இப்போது உதட்டை அசைத்துப் பார்த்தாள். வரி வந்தது, ஆனால் அந்தக் கை வரவில்லை.

தன் பாட்டைத் தான் எப்படியாவது பட்டுக்கொள்ளலாம். தங்கச்சியை என்ன செய்வது?

நாலு வருஷத்துக்கு முன் தங்கச்சியின் மகள் நாலே நாள் காய்ச்சலில் போனாள். பத்தொன்பது வயது. தங்கச்சி சோற்றைத் தொடவில்லை, யாரோடும் பேசவில்லை. பத்து நாள் ஆனதும் அவள் போய் அந்தப் பக்கத்தை வாசித்தாள். தங்கச்சி நிமிர்ந்து பார்த்து, இன்னொரு தடவை படி என்றாள். பிறகு ஒரு டம்ளர் பால் குடித்தாள். அதிலிருந்துதான் பிழைத்தாள். இந்த ஆறு மாதமாக ஒரே நச்சரிப்பு. கடிதத்தின் மீதியைக் கொண்டுவா, அக்கா. அந்த வரிக்கு அப்புறம் என்ன எழுதியிருக்கார்? அழுது முடிச்சதும் என்ன செய்வார் கடவுள்? புள்ளையைக் காட்டுவாரா? அவர் சொல்லியிருப்பார், ஊரையே புதைச்சவர் சொல்லாம விட்டிருக்கமாட்டார். தேடுகிறேன் தேடுகிறேன் என்று அவள் நாளைக் கடத்தினாள். நாளைக்கு வா, மீதியைப் படி என்று நேற்றும் சொல்லியிருந்தாள் தங்கச்சி.

அவள் மேஜைக்குப் போய் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தாள். என்ன செய்கிறோம் என்று தெரிந்தே எடுத்தாள். பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. அடுத்த வரி வந்துவிட்டது, அதற்கடுத்ததும். ஆயரின் குரல் அச்சு அசலாக இருந்தது. படித்தால் தங்கச்சி கண்ணை மூடிக்கொள்வாள், தாளை மடியில் வைத்துக்கொண்டே தூங்குவாள். ஒரு பொய் இவ்வளவு சுலபமாக, இவ்வளவு அழகாக வருகிறதே என்று நினைத்தபோதுதான் அவள் பேனாவைக் கீழே வைத்தாள். இன்னும் எங்கெங்கே இப்படி வந்தது? தாளை நாலாகக் கிழித்தாள். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

பாதி வழியில் கமா சிஸ்டர் ஃபோனில் கூப்பிட்டார். அவள் ஒளிக்காமல் சொன்னாள். சிஸ்டர், அச்சு இயந்திரச் சத்தத்துக்கு நடுவே, மெதுவாக, மரபு வழி வந்த வாக்கு என்று ஒரு குறிப்புப் போட்டுவிடலாமே என்றார். இருபத்தைந்து வருஷம் ஆனதும் எதுவும் மரபுதானே. புத்தகத்தை அச்சிட அனுமதி கொடுக்கும் ஃபாதர் கண்டுகொள்ளமாட்டார். அரை மணி நேரம் கொடுங்க சிஸ்டர் என்று அவள் வைத்துவிட்டாள்.

தங்கச்சி மூன்றாவது மாடி. துணி மடித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் கையில் பை இல்லாததைப் பார்த்து, மறந்துட்டியா என்றாள்.

“மீதி கிடைக்கலை. அந்த வரியே கடிதத்துல இல்லை. அதை நான் எழுதினேன். அவர் எழுதினதுன்னு நெனச்சுட்டேன்.”

தங்கச்சி மடித்த துணியை மறுபடி விரித்தாள். எப்போ எழுதினே என்று கேட்டாள். அவள் வருஷத்தைச் சொன்னாள்.

“அப்ப உனக்கு முப்பத்தொண்ணு வயசு,” என்றாள் தங்கச்சி. “அப்பா இருந்தார். அம்மா இருந்தாங்க. உன் வீட்டுக்காரர் இருந்தார். எம்புள்ள பொறக்கவே இல்ல. அப்ப நீ யாரைப் புதைச்சிருந்தே?”

விரித்த துணியின் ஒரு முனையைப் பிடிக்க அவள் கையை நீட்டினாள்.

“சொல்லுக்கா. யாரைப் புதைச்சுட்டு வந்து எழுதினே?”

“யாரையும் இல்ல.”

“ஊரையே மண்ணுல போட்ட மனுஷன் சொல்றாரேன்னுதான் நம்பினேன். நீ நல்லா எழுதுவேன்னு எனக்குத் தெரியாதா? பள்ளிக்கூடத்துல என் லீவு லெட்டரெல்லாம் நீதான் எழுதிக் குடுப்பே. டீச்சருங்க அழுவாங்க.” தங்கச்சி சிரித்தாள், சிரிப்பு பாதியில் உடைந்தது. “மூணாம் நாள் கல்லறை காலியா இருந்துச்சுங்கிறது? அதை எழுதினவங்களுக்கும் நல்லா எழுத வருமா?”

இந்தக் கேள்விக்கு அவளிடம் முழுதாக ஓர் அத்தியாயம் இருந்தது. எத்தனை சாட்சிகள், எவ்வளவு சீக்கிரம் எழுதினார்கள், எதற்காக உயிரைக் கொடுத்தார்கள் என்று மேடை மேடையாகச் சொல்லியிருக்கிறாள். அத்தனையும் சரி என்று இப்போதும் நம்பினாள். வாயைத் திறந்தாள்.

“வேண்டாம்,” என்றாள் தங்கச்சி. “உன் வாயால வேண்டாம். போ.”

கதவு சாத்திக்கொண்டது. உள்ளே குழாயைத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. பாத்திரம் கழுவும் சத்தம் எதுவும் இல்லை. தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டே இருந்தது. அவள் படியில் உட்கார்ந்தாள். கதவைத் தட்டவும் இல்லை, இறங்கிப்போகவும் இல்லை. அந்தத் தண்ணீர்ச் சத்தத்துக்குப் பின்னால் தங்கச்சி என்ன செய்கிறாளோ என்று பயத்தோடு காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள். ஜெபிக்கலாம் என்று பார்த்தாள். வந்த வாக்கியமெல்லாம் நன்றாக இருந்தது. ஒவ்வொன்றையும் பாதியில் நிறுத்தினாள்.

ஃபோன் அடித்தது. தாள் இயந்திரத்தில் ஏறிவிட்டது, என்ன போடட்டும் என்றார் கமா சிஸ்டர்.

“எழுதிக்கோங்க. இந்த வரி ஆயருடையது அல்ல. நூலாசிரியர் எழுதியது. இதற்கு வேறு ஆதாரம் இல்லை.”

இப்படிப் போட்டா உங்க மத்த எட்டு புத்தகத்தையும் யாரும் தொடமாட்டாங்க என்றார் சிஸ்டர். தெரியும் என்றாள். ஆஸ்பத்திரிச் சுவரை என்ன செய்ய என்றார்.

“இன்னும் ஒண்ணு சேத்துக்கோங்க சிஸ்டர். எழுதியபோது அவருக்கு எந்தச் சாவும் தெரியாது.”

படிக்கட்டில் அவளுடைய குரல் அவள் நினைத்ததைவிட உரக்க ஒலித்தது. உள்ளே குழாய் நின்றது. தங்கச்சியின் செருப்புச் சத்தம் கதவுவரை வந்து, அங்கேயே நின்றுவிட்டது. அவள் எழுந்து, தாழ்ப்பாளுக்கு நேராக நின்றாள். இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு பலகையின் கனம்தான். சொல்ல யோசித்தால் அதுவும் நல்ல வாக்கியமாக வந்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அப்படியே நின்றாள்.