வேங்கடசுப்ரமணியன் ஏறிய மலை

மும்பை மாட்டுங்காவில் லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாம் மாடியில் தனியாக வசித்த வேங்கடசுப்ரமணியன், எழுபத்திரண்டு வயதில் தினமும் காலை பனிமலை ஏறினார். அதாவது, அவர் பேரில் சேசம்மாள் ஏறினாள்.

கண்ணையும் காதையும் மூடித் தலையில் மாட்டும் அந்த வி.ஆர். விளையாட்டுக் கருவியை நியூஜெர்ஸியிலிருந்து அனுப்பியவன் மகன் நகுல். மாட்டிக்கொண்டால் எதிரே மலை தெரியும். நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி வைத்தால் ஏறலாம். ஏறிய உயரம் உடனே நகுலின் ஃபோனுக்குப் போய்விடும். டாக்டர் சொல்லியும் நடக்காத அப்பா, விளையாட்டென்றால் நடப்பார் என்று அவன் நம்பினான்.

அப்பா இரண்டு நாள் ஏறினார். மூன்றாம் நாள் கருவியை வேலைக்காரி சேசம்மாளின் தலையில் மாட்டினார். அந்த வீட்டில் குனிவதும் நிமிர்வதும் இருபது வருடமாக அவள் இலாகா. இதுவும் அதில் சேர்ந்ததில் அவருக்கு விசேஷமாக எதுவும் படவில்லை.

"இன்னும் ஆறு வீடு கெடக்கு அய்யா. இதுல மலை வேற ஏறணுமாக்கும்?"

"பாத்திரம் அப்பறம் தேய்ச்சுக்கலாம் சேசம்மா. மொதல்ல ஏறு."

தாராவியில் குடத்தோடு இரும்பு ஏணி ஏறிப் பழகியவள். ஒரே மாதத்தில் அவரை, எழுபது தாண்டியவர்களின் உலகப் பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டாம் இடத்துக்கு ஏற்றிவிட்டாள். பார்க் பெஞ்சில் அதை நண்பர் பத்ரிநாராயணனிடம் காட்டினார்.

"தொப்பையைப் பார்த்தா தெரியலையே ஓய்!"

"தொப்பை வெளியிலே. ஹார்ட்டுன்னா உள்ளே இருக்கு!"

உள்ளேதான் இருந்தது. அன்று படியேறும்போது மார்பில் அம்மிக்கல்லை ஏற்றியதுபோல் வலித்தது. ஃபோனில் நகுலிடம் சொன்னார்.

"நேத்திக்கு மட்டும் அறுநூறு மீட்டர் ஏறியிருக்கேள்ப்பா! ஹார்ட்ல கோளாறுன்னா முடியுமா? வெறும் கேஸ் ட்ரபிள்தான். ஓமவாட்டர் குடிங்கோ."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. கூடவே நானூற்றுப் பன்னிரண்டும், பத்ரியின் முகமும் வந்தன. ஓமவாட்டர் குடித்தார்.

மறுநாள் காலை சோஃபாவில் சரிந்தபடி இரண்டு முறை கூப்பிட்டார். மூன்றடி தள்ளி சேசம்மாள் ஏறிக்கொண்டிருந்தாள். கண்ணில் பனி, காதில் காற்றின் ஊளை. மூன்றாம் முறை குரல் வரவில்லை.

"மாதாவே, இன்னும் கொஞ்சந்தான்," என்று அவள் முழங்காலைத் தூக்கினாள்.

மேஜைமேல் ஃபோன் மினுங்கியது. சபாஷ் அப்பா, உச்சியையே தொட்டுட்டேள்!

சேசம்மாள் கருவியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள். அய்யா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். வேர்த்திருந்தாரே என்று ஃபேனைக் கூட்டிவைத்துவிட்டு, சத்தம் போடாமல் பாத்திரம் தேய்க்கப் போனாள்.