எண் வராவிட்டால்?

அப்பா போய் ஒன்பது நாளாகியும் அம்மாவின் வாயில் ஒரே பேச்சுதான். "கேக்கு வேணும்னு கெஞ்சினார். பாவமேன்னு ஒரு துண்டு குடுத்தேன். நானே கொன்னுட்டேன்." சர்க்கரை நோய் இருந்தாலும் ஒரு துண்டு கேக்கில் யாரும் சாவதில்லை என்று டாக்டர் சொல்லிப் பார்த்துவிட்டார். அவள் காதில் ஏறவில்லை.

அதைக் கேட்கும்போதெல்லாம் மகன் எழுந்து வெளியே போய்விடுவான். அப்பாவைச் சேர்த்திருந்த அதே மருத்துவமனையில் அவன் புரோகிராமர். ஒவ்வொரு நோயாளியின் சர்க்கரை அளவையும் நர்ஸ் மேஜைத் திரையில் காட்டி, அளவு எகிறினால் மணியடிக்கும் புரோகிராம் அவன் எழுதியது. அதில் அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட உண்டு.

அப்பா போன அன்று மதியம் இரண்டு மணிக்கு அவர் விரலில் குத்தி ரத்தம் பார்த்தார்கள். அளவு எகிறினால் மணி அடிக்குமே என்று அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்கள். மணி அடிக்கவில்லை. ஆறு மணிக்கு நர்ஸ் எழுப்பப் போனபோது அவர் எழவில்லை.

எட்டாம் நாள் வேலைக்குப் போனவன் முதல் காரியமாக அன்றைய பதிவைத் திறந்தான். ரத்தம் பார்க்கும் கருவி ஒழுங்காகத்தான் தகவல் அனுப்பியிருந்தது. ஆனால் எண்ணை அல்ல. அறுநூற்றைத் தாண்டினால் அதற்கு அளக்கத் தெரியாது; 'ஹை', அதாவது அதிகம், என்று எழுத்தில் அனுப்பிவிடும். இவன் போட்டிருந்ததோ 'ஏ-டு-ஐ'. சி என்ற கணினி மொழியில் எழுத்தாக வருவதை எண்ணாக்க இருப்பதிலேயே சுலபமான வழி, சோம்பேறிகளின் செல்லப்பிள்ளை. எண்ணே இல்லாத எதைக் கொடுத்தாலும் கூசாமல் பூஜ்யம் என்று சொல்லிவிட்டுப் போகும். பூஜ்யம் என்றால் இன்னும் பரிசோதிக்கவில்லை என்று இவன் வைத்திருந்தான். அதற்குத் திரையில் வெறும் கோடு. நாலு மணி நேரம் அந்தக் கோடுதான் இருந்தது.

கூட வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, எதையும் நோண்டாமல் விடமாட்டாள், 'துப்பறிவாளர்' என்றே அவளுக்குப் பெயர். மூன்று வருடம் முன்பே இவன் புரோகிராமில் அந்த 'ஏ-டு-ஐ' வரிக்குப் பக்கத்தில் "எண் வராவிட்டால்?" என்று எழுதியிருந்தாள். "மெஷின் என்ன, கதையா எழுதி அனுப்பப் போகுது?" என்று இவன் சிரித்து மழுப்பிவிட்டான்.

திருத்த இருபது நிமிடம்கூட ஆகவில்லை. 'ஏ-டு-ஐ'யை எடுத்துவிட்டு 'ஸ்டர்-டோல்' போட்டான். அது எண்ணைப் படித்துக்கொண்டே போய் எந்த இடத்தில் நின்றது என்று காட்டும். முதல் எழுத்திலேயே நின்றால் எண்ணே இல்லை. பாதியில் நின்றால் மிச்சம் குப்பை. எண் அளவுமீறிப் பெரிதாக இருந்தால் அதற்குத் தனி அடையாளம். மூன்றில் எது நடந்தாலும் மணியடி என்று எழுதினான். இருபது நிமிட வேலை. கழிப்பறைக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதான்.

மறுநாள் மத்தியானம் அம்மா பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கேக்கு இல்லம்மா. மணி அடிச்சிருந்தா உடனே ஊசி போட்டுக் காப்பாத்தியிருப்பாங்க. அடிக்காததுக்கு நான்தான் காரணம்."

நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னான். சொன்னால் அவள் கொஞ்சமாவது மூச்சு விடுவாள் என்று நம்பியிருந்தான், பாவம்.

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"பெரிய டாக்டர்கிட்ட காலையில எழுதிக் குடுத்துட்டேன்."

"போய்த் திருப்பி வாங்கிட்டு வா" என்றாள். "கேக்கு குடுத்தவ நான். அது அப்படியே இருக்கட்டும். அப்பாவைக் கொன்னவன்னு உன்னைப் பாக்க என்னால முடியாதுடா."

"வாங்க முடியாதும்மா. மூணு வருஷத்துப் பதிவையும் தேடினேன். இதே மாதிரி கோடு விழுந்து போனவங்க இருக்காங்க. அவங்க வீட்டுலயும் யாராவது 'நான்தான், நான்தான்'னு அழுதுகிட்டு இருப்பாங்க."

"எத்தனை பேரு?"

"அப்பா நாலாவது ஆளும்மா."

அம்மா அவனை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்து அறைக்குள் போய்விட்டாள். அன்றிலிருந்து அவள் கேக்கைப் பற்றிப் பேசவில்லை. அவனிடமும் பேசவில்லை.