வழிமொழிய ஒரு வாய்

தீர்த்தம்மாளுக்குக் கூட்டத்தில் பேசத் தெரிந்த ஒரே வார்த்தை ‘வழிமொழிகிறேன்’. கட்சியில் சேர்ந்த நாளிலிருந்து அவளுக்குக் கொடுத்த வேலை அதுதான். ஒரு பெரிய மனிதர் எழுந்து இன்னொரு பெரிய மனிதரின் பெயரை முன்மொழிவார். கட்சியில் பெண்களும் இருக்கிறார்கள் என்று காட்ட வேண்டுமே, தீர்த்தம்மாள் எழுந்து வழிமொழிந்துவிட்டு உட்காருவாள். கைதட்டல் பெரிய மனிதருக்கு.

இந்தத் தடவை பிரசிடெண்ட் பதவியைப் பெண்களுக்கு ஒதுக்கிவிட்டார்கள். சேதி வந்ததிலிருந்து அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஊராட்சித் தேர்தலில் கட்சிச் சின்னம் கிடையாது, ஆளைப் பார்த்துத்தான் ஓட்டு. ஆள் என்றால் தன்னை விட்டால் யார் என்று அவள் நினைத்ததில் தப்பொன்றும் இல்லை. ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், பிரசவம் என்று அவளைக் கூப்பிடாத வீடு ஊரில் கிடையாது. நிற்க வேண்டும் என்று ஆசை ஆசையாக இருந்தது. அதைச் சொல்லத்தான் வீட்டில் ஆளில்லை. புருஷன் ஆண்டி கட்டட வேலைக்கென்று பெங்களூர் போனவன், அங்கேயே இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்துவிட்டான். கழுத்தில் தாலி மட்டும் இருந்தது.

வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க, லீவு நாளாகப் பார்த்து ஊர்த் தக்காளி மண்டியில் கூட்டம் போட்டார்கள். கட்சிக்கு ஊரில் இரண்டு கோஷ்டி. மண்டிக்காரர் மாதவராஜ் ஒரு பக்கம், டிராக்டர் வைத்திருக்கும் இளம்பரிதி ஒரு பக்கம். ஒரு கோஷ்டி ஆள் நின்றால் மற்ற கோஷ்டி சத்தமில்லாமல் எதிராளிக்கு ஓட்டுக் கேட்கும். எதிர்க்கட்சிக்குச் சிரமமே வைக்காமல் தங்களைத் தாங்களே தோற்கடித்துக்கொள்கிற அபூர்வமான கட்சி. கவிழ்த்துப் போட்ட தக்காளிப் பெட்டிகளில் இரண்டு கோஷ்டியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். டீ கூட இரண்டு கடைகளிலிருந்து வந்தது. எந்தக் கடை டீயைக் குடித்தாலும் வம்பு என்று, தீர்த்தம்மாள் குடிக்காமலே நடுவில் உட்கார்ந்தாள்.

மாவட்டக் கட்சி ஆபீசிலிருந்து வந்திருந்த மாதேஷ், ஜெயிக்கிற ஆளாக ஒரே ஒரு பெயர் வேண்டும் என்று கறாராகச் சொன்னார். மாதவராஜ் தன் சம்சாரத்தின் பெயரைச் சொன்னார். இளம்பரிதி தன் சம்சாரம் பிரியதர்ஷினியின் பெயரைச் சொன்னார். பிறகு பேச்சு முற்றி, எந்தத் திருவிழாவில் யாருக்கு முதல் மாலை போட்டார்கள் என்பதுவரை போனது. மாதேஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். கடைசியில் மாதவராஜ்தான், தீர்த்தக்காவைக் கேட்போம், அக்கா சொன்னால் தனக்குச் சம்மதம் என்றார்.

“அதுவும் சரிதானுங்க,” என்றார் இளம்பரிதி. “அக்கா பொது ஆளு. அவங்களுக்குன்னு யாரு இருக்கா? நாயமாத்தான் சொல்லுவாங்க.”

அவர் பெருமையாகத்தான் சொன்னார். அவளுக்குத்தான் சுருக்கென்றது.

கூட்டத்தில் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும் வழக்கம் கிடையாது, இன்னொருவர்தான் சொல்ல வேண்டும். அந்தப் பெண்களுக்கு வீட்டிலேயே சொல்ல ஆள் இருந்தது. இங்கே இத்தனை பேர் இருக்கிறார்களே, ஒருவருக்காவது தோன்றாதா என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன பிள்ளைகளின் அப்பன்கள் இருந்தார்கள், அவள் நடையாய் நடந்து பென்ஷன் வாங்கிக்கொடுத்த தாய்களின் மகன்கள் இருந்தார்கள். எல்லோரும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், வேறு ஒரு பெயருக்காக.

தீர்த்தம்மாள் எழுந்து முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

“தீர்த்தம்மாளை முன்மொழியிறேனுங்க.”

மாதேஷ் வெளியூர்க்காரர். பேனாவை எடுத்துக்கொண்டு, “யாருங்க அது?” என்றார்.

“நான்தானுங்க.”

மண்டியே சிரித்தது. இரண்டு கோஷ்டியும் சேர்ந்து ஒரே விஷயத்துக்குச் சிரித்து எத்தனையோ காலமாகியிருந்தது. சிரிப்பு அடங்கியதும் மாதவராஜ் தணிவாகவே சொன்னார்: “தப்பா நெனைக்காதீங்கக்கா. போஸ்டர்ல உங்க பேருக்குப் பின்னாடி யாரு பேரைப் போடறது? புருஷன் எங்கேன்னு எதிர்க்கட்சிக்காரனுங்க மைக் போட்டே கேப்பானுங்க.”

மாதேஷ் முறைப்படி, யாராவது வழிமொழிகிறீர்களா என்று கேட்டார். ஒருவர் செருப்பைப் பார்த்தார். ஒருவர் போனை எடுத்தார். அவள் காத்திருந்தாள். எத்தனை பேருக்கு வழிமொழிந்திருக்கிறோம், நமக்கு ஒரு வாய் இல்லையே என்று ஆற்றாமையாக இருந்தது. அழுதால் அதையும் ஊர் சொல்லிச் சிரிக்கும் என்று அவளும் சிரித்துவிட்டாள்.

சும்மா சொன்னேன் என்றாள். பிறகு, பிரியதர்ஷினி நிற்கட்டும், துணைத் தலைவர் பதவி மாதவராஜ் வீட்டுக்குப் போகட்டும் என்றாள். மாதவராஜ் கொஞ்சம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாலும், சொன்ன சொல்லுக்காக அவரே வழிமொழிந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். கட்சி ஒன்றாகிவிட்டது. அவரவர் டீயைக் குடித்துவிட்டு அவரவர் வண்டியில் கிளம்ப, தீர்த்தம்மாள் நடந்து போய், பூட்டிய வீட்டைத் திறந்து ஒருத்திக்குச் சோறு வடித்தாள். தின்னப் பிடிக்கவில்லை.

மறு வாரம் நோட்டீஸ் வந்தது. ‘பிரியதர்ஷினி இளம்பரிதி’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். வீடு வீடாகப் போய்க் கொடுக்கும் வேலை வழக்கம்போல அவளுக்குத்தான். முதல் வீடு ரஹமத் பீவியுடையது. நோட்டீஸை வாங்கிய பீவி, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

“என்னக்கா இது? நீங்கதான் நிப்பீங்கன்னு நாங்க வூட்ல பேசி வெச்சிருந்தோம். தெருவுல எல்லாரும் அப்படித்தான் சொல்லிட்டிருந்தாங்க.”

தீர்த்தம்மாள் மீதி நோட்டீஸ்களைச் சேர்த்து அடுக்கினாள்.

“அத்தனை பேர் கூடியிருந்தாங்களே,” என்றாள் பீவி, “ஒருத்தர் கூடவா உங்க பேரைச் சொல்லல?”

“சொன்னாங்க,” என்றாள் தீர்த்தம்மாள். “ஒருத்தங்க சொன்னாங்க.”

பிரியதர்ஷினிக்கு மறக்காமல் ஓட்டுப் போடச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போனாள்.