நோட்டில் எழுதிய நேரம்

ஆஸ்பத்திரி நிர்வாகப் படிப்பில் சேர்ந்தபோது சசிரேகாவுக்கு முப்பத்தாறு வயது. பதினான்கு வருடம் நர்ஸாக நின்று நின்று இரண்டு கெண்டைக்காலிலும் நரம்பு சுருண்டிருந்தது. ஸ்ரீபெரும்புதூரில், பெங்களூர் ரோட்டை ஒட்டிய ஐம்பது படுக்கைத் தனியார் ஆஸ்பத்திரியில் அவள் அவசரப் பிரிவின் இன்சார்ஜ். தபால் வழியில் அந்த முதுநிலை டிப்ளமோவை முடித்தால் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் ஆகலாம், ஒரு நாற்காலியாவது கிடைக்கும் என்று டாக்டர் அண்ணாதுரை சொன்னார். அந்த நாற்காலிக்காகத்தான் சேர்ந்தாள்.

பாடமெல்லாம் இங்கிலீஷில். இருங்காட்டுக்கோட்டையில் பஸ் ஏறும்போது உட்கார இடம் கிடைத்தால் படிப்பாள். பாதி நாள் புத்தகம் மடியில் திறந்து கிடக்க, தலை ஜன்னல் கம்பியில் இடித்துக்கொண்டிருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னையில் வகுப்பு. அங்கே வந்தவர்களும் அவளைப் போலத்தான்: நர்ஸ்கள், மருந்தாளுநர்கள், இரண்டு மூன்று டாக்டர்கள். ட்யூட்டி முடிந்து நேராக வந்தவர் யாராவது பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருப்பார். வாத்தியார் எழுப்பமாட்டார்.

இரண்டாம் வருடம் ஒரு ஆய்வறிக்கை தரவேண்டும். வேலை செய்யும் இடத்திலேயே ஏதாவது ஒன்றை அளந்து எழுதலாம் என்றார்கள். நோயாளி வாசலில் நுழைவதற்கும் டாக்டர் கை வைப்பதற்கும் நடுவில் எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை எடுத்துக்கொண்டாள். வேறு எங்கும் போய் அலைய வேண்டாம் என்பதுதான் காரணம். அட்டை போட்ட ஒரு நோட்டை யூனிஃபார்ம் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, 2003 பிப்ரவரி முதல் ஆறு வாரம் வாட்ச்சைப் பார்த்துப் பார்த்துக் குறித்தாள். குறிப்பவர் நடப்பதில் தலையிடக் கூடாது, தலையிட்டால் கணக்கு கெட்டுவிடும் என்று புத்தகத்தில் இருந்தது. அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாள்.

மூன்றாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஒரகடம் பக்கத்துக் கம்பெனியிலிருந்து ஒரு வேன் வந்தது. அதில் வந்தவனுக்கு இருபத்துமூன்று வயது இருக்கும், பிரஸ் மெஷினில் வலதுகை ஆள்காட்டி விரலைக் கொடுத்துவிட்டு வந்திருந்தான். பெயர் அருள்பாண்டி, ஊர் திருச்செந்தூர் பக்கம், காண்ட்ராக்ட் ஆள். சசிரேகா கையுறையை வெட்டி எடுத்து, துணியை வைத்து இறுக்கிக் கட்டி, ஊசி போட்டு, கையைத் தூக்கி வைத்துக்கொள்ளச் சொல்லி பெஞ்சில் உட்கார வைத்தாள். நோட்டில் 10.40 என்று எழுதினாள்.

அதற்கு மேல் எதற்கும் கம்பெனி லெட்டர் வேண்டும். செலவை ஏற்றுக்கொள்கிறோம் என்று கம்பெனியிலிருந்து ஒரு தாள் ஃபேக்ஸில் வந்தால்தான் ரெஜிஸ்டரில் பெயர் ஏறும், எக்ஸ்ரே எடுப்பார்கள், டாக்டர் வருவார். இது ஆஸ்பத்திரியில் வெகுநாள் பழக்கம். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை.

அரைமணி நேரம் கழித்து அட்டெண்டர் கன்னியப்பன் ஆபீஸிலிருந்து வந்தார். வடக்குப்பட்டுக்காரர்.

"ஃபேக்ஸ் வர்ல சிஸ்டர். கம்பெனில கேட்டா காண்ட்ராக்டர கேளுன்றான். காண்ட்ராக்டர் போனு சுவிட்ச் ஆஃப்ல கீது. இன்னா பண்றது?"

"இன்னொரு தடவ போட்டுப் பாருங்க" என்றாள் சசிரேகா.

11.10 என்று எழுதினாள். துணி நனைந்ததும் மேலே இன்னொரு துணி வைத்துக் கட்டினாள். 11.35. அருள்பாண்டி கத்தவில்லை, சுவரில் சாய்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். டாக்டர் அண்ணாதுரை மாடியில்தான் இருந்தார். கடைசியில் கம்பெனி சூப்பர்வைசர் ஒருவர் பைக்கில் வந்து, செலவை ஏற்கிறோம் என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். ரெஜிஸ்டரில் பெயர் ஏறியபோது மணி 12.25. விரலின் மேல் கணுவை எடுக்க வேண்டியதாயிற்று.

"முன்னாடியே பார்த்திருந்தா தப்பிச்சிருக்குமா சார்?" என்று அண்ணாதுரையிடம் கேட்டாள்.

"சொல்ல முடியாது சசி" என்றார் அவர். கை கழுவிக்கொண்டே, "நான் மேலதான இருந்தேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்" என்றார்.

மே மாதம் அறிக்கையை டைப் அடித்து வாங்கினாள். மற்றவர்கள் சராசரியாகப் பதினொரு நிமிடம் காத்திருக்க, கம்பெனியிலிருந்து அடிபட்டு வந்தவர்கள் ஐம்பத்துமூன்று நிமிடம் காத்திருந்தார்கள். அந்த அட்டவணை முப்பத்தோராம் பக்கத்தில் இருந்தது. இன்ன ஆஸ்பத்திரியில் செய்த ஆய்வு என்று நிர்வாக அதிகாரி சான்று தந்தால்தான் பல்கலைக்கழகம் எடுத்துக்கொள்ளும். நிர்வாக அதிகாரி கோதண்டம் இரண்டு நாள் வைத்திருந்து படித்துவிட்டு அவளைக் கூப்பிட்டார்.

"நீங்க எழுதினது ஒண்ணும் பொய் இல்ல சிஸ்டர். ஆனா இத வெளிய கொண்டுபோய் வைக்கணுமா? நாளைக்கு எந்தக் கம்பெனிக்காரன் நமக்கு ஆள் அனுப்புவான்?"

"ஆஸ்பத்திரி பேர் உள்ள எங்கயும் போடல சார்."

"முதல் பக்கத்துல என் சீல் இருக்கும்ல" என்றார் கோதண்டம். அவருக்கும் கண் சிவந்திருந்தது. அன்று காலையில்தான் ஜெனரேட்டர் படுத்துக்கொண்டு அவர் வெயிலில் நின்றிருந்தார். "அந்த ஒரு பக்கத்த எடுத்துடுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"சரி சார்" என்றாள். கோபம் வரவில்லை. ஒரு பக்கம் போனால் மறுபடி எத்தனை பக்கம் டைப் அடிக்க வேண்டும், கெடுவுக்கு எத்தனை நாள் இருக்கிறது என்றுதான் மனம் போயிற்று.

அடுத்த வாரம் அருள்பாண்டி வந்தான். அவசரப் பிரிவு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றான்.

"சிஸ்டர், ஞாபகம் இருக்கா? நாந்தான், விரலு."

காண்ட்ராக்டர் அவனை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். நஷ்டஈடு கேட்டு லேபர் ஆபீஸில் மனு கொடுத்திருந்தான்.

"நான் பதினோரு மணிக்கே பர்மிஷன் போட்டுட்டு வெளிய போயிட்டேன்னு சொல்லுதாரு சிஸ்டர். ரோட்டுல எங்கியோ அடிபட்டுட்டேனாம். உங்க ரெஜிஸ்டர்ல பன்னெண்டு இருபத்தஞ்சுன்னுதான இருக்கு, அதத்தான் அங்க காட்டுதாங்க."

"வேன்ல கூட வந்தவங்க இருந்தாங்களே?"

"அவங்க வேலைய அவங்க பாக்கணும்லா" என்றான். கொஞ்சம் தயங்கிவிட்டு, "நீங்க ஒரு நோட்டுல எழுதிக்கிட்டே இருந்தீய. என்னை உக்கார வச்சதும் வாட்ச்ச பாத்து எழுதுனீய. வலி தெரியக் கூடாதுன்னு நான் உங்க கையவே பாத்துக்கிட்டு இருந்தேன். அதுல என் நேரம் இருக்கும்லா?" என்றான்.

"இருக்கு."

"அது எதுக்கு சிஸ்டர் எழுதுனீய?"

"நான் படிக்கிறேன். அந்தப் படிப்புக்கு."

அவன் தலையாட்டினான். குத்திக்காட்டும் எண்ணமெல்லாம் அவனுக்கு இல்லை. "பாஸாயிட்டீயளா?" என்று கேட்டான்.

"இன்னும் இல்ல" என்றாள்.

நாளைக்கு வரச் சொல்லி அனுப்பினாள். சாயங்காலம் வீட்டில் கணவன் ராஜசேகர் இரண்டாம் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். விஷயத்தைக் கேட்டுவிட்டு ஷூ மாட்டுவதை நிறுத்தினான்.

"அந்த நோட்ட குடுத்தின்னா கோதண்டம் கையெழுத்துப் போடமாட்டாரு. ரெண்டு வருஷமா ஞாயித்துக்கெழமகூட வூட்ல இல்லாம ஓடின. எல்லாம் வீணா பூடும்."

"தெரியும்."

"அப்ப இன்னாதான் பண்ணப் போற?"

"எனக்குத் தூக்கம் வருது" என்றாள் சசிரேகா. உண்மையாகவே வந்தது. அவன் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தான். கம்பெனி பஸ் ஹாரன் கேட்டதும் போய்விட்டான்.

காலையில் பஸ் ஸ்டாண்டு கடையில், நோட்டில் அவன் நேரம் இருந்த பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்தாள். நோயாளி காலை 10.40க்கு யூனிஃபார்மோடு கம்பெனி வேனில் வந்தார், நான்தான் முதலில் கட்டுப் போட்டேன் என்று கீழே எழுதி, பதிவு எண்ணோடு கையெழுத்துப் போட்டாள். அருள்பாண்டி அதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதன் பிறகு, எடுத்து வைத்திருந்த முப்பத்தோராம் பக்கத்தை அறிக்கையில் திரும்பச் சேர்த்தாள். பத்து நாற்பதுக்கு வந்தான் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு, இன்னொரு தாளில் அதை மறைக்க அவளால் முடியவில்லை.

லேபர் ஆபீஸ் விசாரணைக்கு அவளையும் வரச் சொல்லிக் கடிதம் வந்தது. லீவு போட்டுவிட்டுக் காஞ்சிபுரம் போனாள். பத்து மணிக்கு வரச் சொன்னவர்கள் மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். காண்ட்ராக்டர் பக்கத்து ஆள் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"பத்து நாப்பது, பதினொண்ணு பத்து, பதினொண்ணு முப்பத்தஞ்சு. இவ்ளோ கரெக்டா எழுதியிருக்கீங்க. ஒருத்தன் ரத்தம் சொட்ட உக்காந்திருக்கான், டாக்டர் மாடியில இருக்காரு. ஏம்மா கூப்பிடல? இதெல்லாம் அப்புறமா உக்காந்து எழுதினதுதான?"

அருள்பாண்டி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"லெட்டர் வரல, அதனால கூப்பிடல" என்றாள் சசிரேகா. "எங்க ஆஸ்பத்திரியில அப்படித்தான் பழக்கம். நானும் பல வருஷமா அப்படித்தான் உக்கார வெச்சிருக்கேன். அன்னைக்கு நான் மேல போய் சொல்லியிருக்கணும். சொல்லல. அது என் தப்பு. ஆனா மணி பத்து நாப்பதுதான்."

அதிகாரி எழுதிக்கொண்டார். இரண்டு மாதத்தில் அருள்பாண்டிக்குச் சாதகமாகத் தீர்ப்பாயிற்று. அவன் ஊருக்குப் போய்விட்டான் என்று யாரோ சொன்னார்கள்.

கோதண்டம் அவளைத் திட்டவில்லை. சான்றில் கையெழுத்தும் போடவில்லை. அவளை அனுப்பிவிட்டால் அவசரப் பிரிவைப் பார்க்க ஆள் கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும். சான்று இல்லாத அறிக்கை பல்கலைக்கழகத்திலிருந்து திரும்பி வந்தது. இன்னொரு வருடம். மறுபடி இருங்காட்டுக்கோட்டை பஸ், மறுபடி ஞாயிற்றுக்கிழமை. இந்தத் தடவை படுக்கை விரிப்புகள் சலவைக்குப் போய் வருவதைப் பற்றி நாற்பது பக்கம் எழுதினாள். "நல்ல சப்ஜெக்ட்" என்று கோதண்டம் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். அவளுக்கு முதல் வகுப்பு கிடைத்தது. சந்தோஷப்பட ஒரு நாள் லீவு கேட்கலாமா என்று நினைத்து, கேட்காமல் விட்டுவிட்டாள்.

2005 ஜனவரியில் அவள் சூப்பரின்டெண்டன்ட் ஆனாள். முதல் வாரமே ஒரு சுற்றறிக்கை எழுதினாள்: காயத்தோடு வருபவரை டாக்டர் உடனே பார்க்க வேண்டும், கம்பெனி லெட்டருக்காகக் காத்திருக்க வைக்கக் கூடாது. கோதண்டம் அதை நான்கு நாள் வைத்திருந்தார். திரும்பி வந்தபோது, "உடனே" என்பதற்கு முன்னால் "கூடுமானவரை" என்று பச்சை மையில் சேர்த்திருந்தார்.

அவள் சண்டைக்குப் போகவில்லை. அதை அப்படியே அவசரப் பிரிவுச் சுவரில் ஒட்டச் சொல்லிவிட்டு, ட்யூட்டியில் இருந்த பெண்களைக் கூப்பிட்டாள்.

"லெட்டர கன்னியப்பன் பாத்துக்குவாரு. நீங்க மொதல்ல மேல போய் டாக்டர கூப்பிடுங்க. யாராவது கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

பெண்கள் தலையாட்டினார்கள். சிலர் கூப்பிட்டார்கள், சிலர் பயந்துகொண்டு லெட்டருக்காக நின்றார்கள். அதனால் தினமும் காலையிலும் மதியமும் அவளே ஒரு தடவை கீழே இறங்கி வந்து பெஞ்சைப் பார்க்க வேண்டியிருந்தது. மாடியில் அவளுடைய நாற்காலி பெரும்பாலும் காலியாகத்தான் கிடந்தது.